தென்பெண்ணை: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், மர்ஃபி டவுன், கே.ஆர். புரம், ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபுரம் பக்கம் வீடு, ஓசூர் அல்லது கிருஷ்ணகிரிப் பக்கம் நிலம் என்று இருக்கும் குடும்பங்கள் நிறைய. வீட்டையும் நிலத்தையும் ஒரே ஆறு இணைக்கிறது. கர்நாடகத்தில் அதைத் தட்சிண பினாகினி என்கிறார்கள், எல்லை தாண்டினால் தென்பெண்ணை. மேல்பகுதியில் அது வயல்களுக்கு நடுவே ஓடும் சின்ன ஆறுதான், பல இடங்களில் ஒரு கல்லெறியில் அக்கரை வந்துவிடும். வீட்டில் திறக்கும் குழாய்க்கும் நிலத்தில் பாயும் வாய்க்காலுக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொண்டால்தான் அந்தத் தண்ணீரை வைத்து விவசாயம் செய்ய முடியும். அதற்காகவே இந்தப் பக்கம்.

ஆறு எங்கே பிறக்கிறது? எந்த வழியாகப் போகிறது?

பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைத்தொடரில், சென்னகேசவ மலையில். நந்தி மலையின் உச்சி 1,478 மீட்டர். அந்த வட்டாரத்தில் விழும் மழை பல திசைகளில் பிரிகிறது. வட பெண்ணை வடக்கே ஆந்திரத்துக்குள் போய் நெல்லூரைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. அர்க்காவதி தெற்கே இறங்கி, கனகபுராவுக்கு அப்பால் சங்கமம் என்ற இடத்தில் காவிரியில் விழுகிறது. பாலாறும் அதே மலையில்தான் பிறக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அது சற்றுக் கிழக்கே, சிந்தாமணி, கோலார்ப் பக்கத்துக் குன்றுகளில் தொடங்குகிறது.

தென்பெண்ணை ஹொஸ்கோட்டே பெரிய ஏரி வழியாக இறங்கி, முகளூரைத் தாண்டி, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பிறகு ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், சாத்தனூர் அணை, திருக்கோவிலூர், கடைசியில் கடலூர். மொத்தம் 400 கி.மீ.க்கு மேல். வடிநிலப் பரப்பு சுமார் 16,000 சதுர கி.மீ., அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஓசூர் மேட்டுநிலத்திலிருந்து கிருஷ்ணகிரி அணைக்குள் ஆறு 300 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. அதனால் அணைக்கு மேலே பாறையும் மடுவுமான படுகை, கீழே அகன்ற மணல் படுகை.

பெங்களூரில் ஆறே இல்லையே. எங்கள் தெருத் தண்ணீர் எங்கே போகிறது?

நகரத்தின் நடுவே வடக்கு தெற்காக ஒரு மேடு ஓடுகிறது. 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், ஆனால் சரிவு மெதுவாக இருப்பதால் நடக்கும்போது தெரியாது. அந்த மேட்டுக்கு மேற்கே உள்ள ராஜாஜிநகர், விஜயநகர், கெங்கேரி போன்ற பகுதிகளின் தண்ணீர் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது.

மேட்டுக்குக் கிழக்கே இருந்தால் தென்பெண்ணைதான். இங்கே இரண்டு பெரிய பள்ளத்தாக்குகள். ஹெப்பாள் பள்ளத்தாக்கில் ஜக்கூர், ராச்சேனஹள்ளி, நாகவாரா, கல்கெரே ஏரிகளின் நீர் எலே மல்லப்ப ஷெட்டி ஏரி வழியாக ஹொஸ்கோட்டேப் பக்கம் போகிறது. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கில், அதாவது எல்லோரும் கே.சி. வேலி என்று சொல்வதில், அல்சூர், தொம்லூர், மடிவாளா, எச்.எஸ்.ஆர். லேஅவுட் பகுதிகளின் நீர் பெல்லந்தூர் ஏரியில் சேர்ந்து, வர்த்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து தென்கிழக்கே ஆற்றில் கலக்கிறது.

உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று சந்தேகம் இருந்தால், மழை பெய்யும்போது தெருக்கோடி வாய்க்கால் ஓடும் திசையைப் பாருங்கள். பிறகு கர்நாடக அரசின் திஷாங்க் செயலியில் அந்த வாய்க்காலைத் தொடர்ந்து போய்ப் பார்க்கலாம். வருவாய்த் துறை வரைபடத்தில் உள்ள ஏரிகளும் ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர் வாய்க்கால்களும் சர்வே எண்ணோடு அதில் தெரியும். இன்றைக்குக் கட்டடம் நிற்கும் இடத்திலும் பழைய வாய்க்கால் கோடு இருக்கும். மனை வாங்குபவர்கள் பத்திரத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது அது.

மழையே இல்லாத மார்ச், ஏப்ரலில் ஆற்றில் தண்ணீர் எப்படி ஓடுகிறது?

இந்த ஆற்றைப் பற்றிய மிக முக்கியமான கேள்வி இதுதான். இயல்பாக இது மழைக்கால ஆறு. பெங்களூரில் ஆண்டு மழை சுமார் 970 மி.மீ. மே மாதக் கோடை மழை கொஞ்சம் தரும், செப்டம்பர், அக்டோபரில்தான் அதிகம். ஜனவரிக்குப் பிறகு படுகை காய்ந்துவிட வேண்டும்.

இப்போது அது காய்வதில்லை. காரணம் காவிரி. நகரத்துக்குக் குடிநீர் சுமார் 100 கி.மீ. தூரத்திலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. நான்கு கட்டங்களில் நாளைக்கு 1,450 எம்.எல்.டி., அதாவது 145 கோடி லிட்டர் வந்துகொண்டிருந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் இன்னும் 775 எம்.எல்.டி. கொண்டுவரும் திறன் உள்ளது. வீட்டுக்குள் வரும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் கணக்கு. மேட்டுக்குக் கிழக்கே வெளியேறுவது, சுத்திகரித்ததோ சுத்திகரிக்காததோ, தென்பெண்ணையின் பள்ளத்தாக்குகளுக்குத்தான் போகும். காவிரிப் படுகையில் எடுத்த தண்ணீர் பெங்களூர் வீடுகள் வழியாகக் கடலூர் போகிற ஆற்றுக்கு மாறுகிறது என்று அர்த்தம். அதனால் ஆற்றின் அளவைப் பற்றியும் தரத்தைப் பற்றியும் தனித்தனியாகப் பேசுவதில் பயனில்லை. கோடையில் ஓடுவது ஏறக்குறைய முழுவதும் நகரம் பயன்படுத்திய நீர், மழைக்காலத்தில் அதோடு மழைநீர் கலக்கிறது.

ஏரிகள் ஆற்றோடு எப்படி இணைந்திருக்கின்றன?

இந்தப் படுகையில் ஆறு முதலில் வரவில்லை, ஏரி முதலில் வருகிறது. மேலே ஒரு சின்ன ஏரி, அதன் கலிங்கலில் வழியும் நீர் ராஜகாலுவே வழியாகக் கீழ் ஏரிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. கடைசி ஏரி நிரம்பி வழிவதுதான் ஆற்றுக்குக் கிடைக்கும். காடுகோடி காசி விசுவநாதர் கோயிலில் 1043-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பட்டந்தூரில் ஏரி வெட்டி மதகு வைத்ததை அது சொல்கிறது. இன்று ஐ.டி. பார்க் நிற்கும் பக்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழில் எழுதிவைத்த நீர்க்கணக்கு அது. ஒயிட்ஃபீல்டில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

ஏரி என்றால் நாலு உறுப்பு: நீர் வரும் வாய்க்கால், கரை, வயலுக்கு நீர் விடும் மதகு, உபரி வழியும் கலிங்கல். எது கெட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வரத்து வாய்க்கால் அடைந்தால் ஏரி நிரம்பாது, மழைநீர் தெருவுக்குள் புகும். 2022 செப்டம்பரில் சர்ஜாபுரம் ரோடு, பெல்லந்தூர்ப் பகுதிகள் மூழ்கியதற்கு ஏரிகளுக்கு இடையே இருந்த வாய்க்கால்கள் குறுகியதும் மறைந்ததும் பெரிய காரணம். கலிங்கலை யாராவது மண் மூட்டை போட்டு உயர்த்தினால் மேல் பக்கத்து வீடுகளுக்குள் நீர் ஏறும், கரை மீதும் சுமை கூடும். மண் கரை மேலே நீர் வழிய ஆரம்பித்தால் சில மணி நேரத்தில் அறுத்துக்கொண்டு போகும். மதகுக் கதவு துருப்பிடித்து மூடியே கிடந்தால் அடிச்சேறு வெளியேறாது. நகரத்துக்குள் பல ஏரிகளில் மதகை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள், கீழே வயல் இல்லை என்பதால். அதன் பலனாகச் சேறு மேடாகிக் கொள்ளளவு குறைந்துகொண்டே வருகிறது. தூர் வாரும்போது நடுவில் மட்டும் ஆழமாகத் தோண்டிக் கரையோரம் செங்குத்தாக விடுவதும் கூடாது. சரிவான கரையோர ஆழமில்லாப் பகுதியில்தான் நாணல் வளரும், பறவை இறங்கும், நீரும் ஓரளவு சுத்தமாகும்.

பெல்லந்தூரிலும் கெலவரப்பள்ளியிலும் நுரை பொங்குவது ஏன்?

சோப்பு, டிடர்ஜென்ட், ஷாம்பூவில் உள்ள நுரைக்கும் பொருள் சிதையாமல் நீரில் தங்கியிருக்கிறது. தேங்கிய ஏரியில் அது அடியிலும் சேற்றிலும் இருக்கும். நீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு கலக்கும்போது நுரையாக எழும். அதனால்தான் ஏரியின் நடுவில் இல்லாத நுரை கலிங்கலுக்குக் கீழேயும், அணையின் ஷட்டருக்குக் கீழேயும் மலைபோல் வருகிறது. 2015-ல் பெல்லந்தூர் நுரை சாலைக்கே பறந்து வந்தது.

டிடர்ஜென்டில் உள்ள பாஸ்பேட் தானாக நுரைக்காது. அது செய்யும் கேடு வேறு: ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது. செடி மூடிய ஏரியில் ஆக்சிஜன் குறையும், அழுகல் வாயு சேரும். மீன் பிழைக்க நீரில் லிட்டருக்குக் குறைந்தது 4 மி.கி. கரைந்த ஆக்சிஜன் வேண்டும்.

புது மழை வந்த முதல் சில நாள் நுரை அதிகமாவதற்குக் காரணம், சேற்றில் படிந்திருந்தது கிளறப்படுவதுதான். கெலவரப்பள்ளி அணையின் முழு உயரம் 44.28 அடி. நீர்வரத்து கூடி ஷட்டர் திறக்கும் அந்த நாட்களில் வாய்க்கால் நீரை வயலுக்குத் திருப்பாமல் இருப்பது நல்லது. நுரையைக் கையால் தொடவோ, குழந்தைகளை விளையாட விடவோ வேண்டாம். தோல் அரிக்கும், காற்றில் பறக்கும் துளியில் கிருமியும் இருக்கும்.

இந்தத் தண்ணீரில் என்ன பயிரிடலாம்? உரம் குறைக்கலாமா?

கெலவரப்பள்ளிப் பாசனத்தில் சுமார் 8,000 ஏக்கர், கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் 9,012 ஏக்கர். இவற்றைத் தவிர ஆற்றில் நேரடியாக மோட்டார் வைத்து இறைப்பவர்களும் இருக்கிறார்கள். முதலில் நீரைப் பரிசோதியுங்கள், கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மாதிரி எடுக்க: ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே ஆற்று நீரால் மூன்று முறை அலசுங்கள். ஓட்டம் இருக்கும் நடுப்பகுதியில், மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே, பாட்டிலின் வாயை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்புங்கள். இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டி, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில்தான் வேண்டும். பெங்களூரில் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகம், தமிழ்நாட்டுப் பக்கம் மாவட்ட மண் பரிசோதனை நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என இரண்டு மாதிரி எடுத்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை: மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குக் கீழே என்றால் உப்புக் கவலை இல்லை. 0.7 முதல் 3 வரை என்றால் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பீன்ஸ், கேரட், ஸ்ட்ராபெரி உப்பைத் தாங்காது. 3-க்கு மேல் என்றால் பெரும்பாலான காய்கறிகள் சரிப்படாது. எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்ட் வரை பாதுகாப்பு. 2.5-ஐத் தாண்டினால் செம்மண் இறுகி நீர் இறங்காமல் போகும், ஜிப்சம் போட வேண்டிவரும். மலக்கிருமிக் கணக்கு 100 மி.லி.க்கு 1,000-க்கு மேல் இருந்தால், பச்சையாகச் சாப்பிடும் கீரை, கொத்தமல்லி, வெள்ளரி, முள்ளங்கி எதற்கும் அந்த நீரைப் பாய்ச்சாதீர்கள். மல்பெரி, தீவனப்புல், பூ, தென்னை ஆகியவற்றுக்கு ஓரளவு பரவாயில்லை, ஆனால் ரோஜா பறிப்பவர்களுக்கும் புல் அறுப்பவர்களுக்கும் கையுறையும் பூட்ஸும் வேண்டும். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் இடத்துக்குக் கீழே நிலம் இருந்தால் கன உலோகச் சோதனையும் தனியாகக் கேளுங்கள், சாதாரண அறிக்கையில் அது வராது.

உரக் கணக்கு இப்படி. நீரில் லிட்டருக்கு 20 மி.கி. தழைச்சத்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால் சுமார் 200 கன மீட்டர் நீர். அதில் 4 கிலோ தழைச்சத்து வயலில் சேரும். பத்துத் தண்ணீரில் 40 கிலோ, அதாவது ஏறக்குறைய 87 கிலோ யூரியாவுக்குச் சமம். இதைக் கழிக்காமல் வழக்கமான யூரியாவையும் போடுவதுதான் ஆற்றோர வயல்களில் அதிகம் நடக்கும் தவறு. நெல் இலையாக வளர்ந்து சாயும், தக்காளி பூக்காமல் கொழுக்கும், சாறு உறிஞ்சும் பூச்சி குவியும். தண்ணீரோடு வரும் சத்தை நிறுத்த முடியாது என்பதால், அறுவடைக்கு முந்தைய வாரங்களில் கிணற்று நீருக்கு மாற வழி வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

சொட்டுநீர் போட்டிருந்தால் நேரடியாக ஆற்று நீரை விடாதீர்கள். ஒரு நாளாவது தேங்கித் தெளியும் குட்டை, பிறகு மணல் வடிகட்டி, பிறகு டிஸ்க் வடிகட்டி என்ற வரிசை வேண்டும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி வையுங்கள். வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் கழுவும் நேரம் வந்துவிட்டது.

ஆற்றோரப் போர் தண்ணீரைக் குடிக்கலாமா?

சோதிக்காமல் குடிக்காதீர்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.யைத் தாண்டக் கூடாது, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதில் சமரசமே வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடும்.

ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று நாமே அளக்க முடியுமா?

முடியும், இரண்டு பேர் போதும். வளைவில்லாத, பாறையில்லாத 10 மீட்டர் நீளத்தைக் கயிறு கட்டிக் குறியுங்கள். அகலத்தை அளந்து, ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஐந்தாறு இடத்தில் குச்சி விட்டு ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தையோ பாதி நீர் நிரப்பிய சின்ன பாட்டிலையோ மேல் கயிற்றுக்குச் சற்று முன்னால் போட்டு, இரண்டு கயிற்றுக்கும் இடையே எடுக்கும் வினாடியைக் குறியுங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். மேற்பரப்பு வேகம் அடிநீரைவிட அதிகம் என்பதால் 0.8 ஆல் பெருக்க வேண்டும், படுகை கரடுமுரடாக இருந்தால் 0.7.

அகலம் 4 மீ., சராசரி ஆழம் 0.4 மீ., 10 மீட்டருக்கு 20 வினாடி என்றால்: 1.6 × 0.5 × 0.8 = வினாடிக்கு 0.64 கன மீட்டர். அது வினாடிக்கு சுமார் 22.6 கன அடி, நாளைக்கு 55 எம்.எல்.டி. செய்தித்தாளில் வரும் அணை நீர்வரத்தோடு ஒப்பிட, வினாடிக்கு ஒரு கன அடி என்பது நாளைக்கு 2.45 எம்.எல்.டி. என்று நினைவில் வைத்தால் போதும். முழங்காலுக்கு மேல் ஆழமோ, மழை நாளோ என்றால் இறங்காதீர்கள், பாலத்தின் மேலிருந்து வேகத்தை மட்டும் பாருங்கள். இந்த ஆற்று நீரில் இறங்குவதானால் ரப்பர் பூட்ஸ் கட்டாயம்.

கோலாருக்குத் தண்ணீர் எடுத்துப்போகும் திட்டத்தால் ஆற்றுக்குக் குறையுமா?

கே.சி. வேலித் திட்டம் 2018 ஜூனில் தொடங்கியது. நாளைக்கு 440 எம்.எல்.டி. வரை இரண்டாம் நிலை சுத்திகரிப்பு முடித்த நீரைக் கோலார் மாவட்டத்தின் ஏரிகளுக்கு ஏற்றி அனுப்புவது திட்டம். 440 எம்.எல்.டி. என்பது வினாடிக்கு சுமார் 180 கன அடி, ஆண்டு முழுவதும் ஓடினால் ஏறக்குறைய 5.7 டி.எம்.சி. இவ்வளவு நீர் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே போனால் கோடை ஓட்டம் குறையத்தான் செய்யும். கோலாரில் வறண்ட போர்களுக்கு அது உயிர் கொடுத்திருக்கிறது என்பதும் உண்மை. சிக்கல் தரத்தில் இருக்கிறது. இரண்டாம் நிலை சுத்திகரிப்பு அழுகும் பொருளைக் குறைக்கும், தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பெருமளவு விட்டுவிடும். நல்ல நீரை மேலே ஏற்றிவிட்டு, சுத்திகரிப்பு நிலையத்துக்கே போகாத சாக்கடையை மட்டும் ஆற்றுக்கு விட்டால், கீழே இருக்கும் உழவருக்கு அளவும் தரமும் சேர்ந்து கெடும். இரு மாநிலப் பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டியது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

மார்க்கண்டேய நதி அணை வழக்கு எந்த நிலையில் இருக்கிறது?

மார்க்கண்டேய நதி தென்பெண்ணையின் துணையாறு. கோலார் மாவட்டம் யரகோல் அருகே கட்டிய அணை சுமார் அரை டி.எம்.சி. கொள்ளும். சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட 1892 ஒப்பந்தத்தைக் காட்டித் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் 2018-ல் வழக்குப் போட்டது. 2019 நவம்பர் 14-ல் தடை மறுக்கப்பட்டது. அணை 2023-ல் திறக்கப்பட்டுவிட்டது.

எங்கள் அபார்ட்மெண்டில் என்ன சரிபார்க்க வேண்டும்?

மூன்று இடம். முதலாவது, மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவு கலக்கிறதா. மழை பெய்யாத நாளில் காலை ஏழு மணிக்கு வளாகத்தின் மழைநீர் வடிகால் மூடியைத் திறந்து பாருங்கள். சோப்பு நீர் ஓடினால் ஏதோ ஒரு பிளாக்கின் பால்கனி வாஷிங் மெஷின் குழாயோ சமையலறைக் குழாயோ தவறாக இணைந்திருக்கிறது. ஒவ்வொரு பிளாக்காகக் கழிவறையிலும் சிங்க்கிலும் உணவு நிறப்பொடி கலந்த ஒரு வாளி நீரை ஊற்றி, எதில் நிறம் வெளிவருகிறது என்று கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது, எஸ்.டி.பி. எனப்படும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அதில் காற்று ஊதும் புளோயரை மின் செலவு மிச்சம் என்று இரவில் நிறுத்தினால் நுண்ணுயிர் சாகத் தொடங்கும், பிறகு பல நாளைக்கு வெளிவருவது சாக்கடைதான். மின் மீட்டரில் புளோயர் ஓடிய மணி நேரத்தைச் சங்கக் கூட்டத்தில் கேட்டு வாங்குங்கள். காற்றோட்டத் தொட்டி நீர் காப்பிக் கொட்டை நிறத்தில், மண் வாசனையோடு இருக்க வேண்டும். கறுத்து அழுகல் நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. வெள்ளை நுரை ததும்பினால் சேற்றின் அளவு குறைவு அல்லது டிடர்ஜென்ட் அதிகம்.

மூன்றாவது, மழைநீர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஆண்டுக்கு 970 மி.மீ. மழை, 80 சதவீதம் பிடிபடும் என்றால் கூட 77,000 லிட்டருக்கு மேல். பெங்களூரில் 1,200 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனையில் கட்டும் புதுக் கட்டடங்களுக்கு 2009 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்றும் வால்வு, வடிகட்டி, பிறகு தொட்டி, மீதி உறிஞ்சுகுழிக்கு. குழியின் மேல் அடுக்கு மணலை ஏப்ரல் கடைசியில், மே மழைக்கு முன்னால் அள்ளிக் கழுவிப் போடுங்கள். அடைந்த குழி நீரை உள்ளே இழுக்காது, வடிகாலுக்குத் திருப்பி அனுப்பிவிடும்.